காப்பகத்தில் வளரும் குழந்தைகள்: ஆய்வு செய்பவர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தருமபுரியில் மனையியல் படிக்கும் மாணவிகளின் ஆய்வுகளுக்கு வழிகாட்டி வருகிறேன். ஆண்டுதோறும் இரண்டு மூன்று பேராவது காப்பகமும் குழந்தை வளர்ச்சியும் என்ற தலைப்போடு வந்து நிற்பார்கள். அவர்களோடு ஓசூர், பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் போகும்போது தாய்மார்களும் பாட்டிமார்களும் அங்கன்வாடிப் பணியாளர்களும் என்னிடம் கேட்பவையும் ஏறக்குறைய அதே கேள்விகள்தான். சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். மாணவிகளின் கேள்விகளும் பெற்றோரின் கேள்விகளும் கலந்தே இருக்கும். பிரிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.

காப்பகத்தில் விட்டால் குழந்தைக்கு நல்லதா, கெட்டதா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்.

வெளியில் சாப்பிட்டால் உடம்புக்கு நல்லதா என்று ஒருவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? எந்தக் கடை, என்ன சாப்பாடு, வாரத்தில் எத்தனை நாள், வீட்டில் இருந்திருந்தால் என்ன சாப்பிட்டிருப்பார் என்று திருப்பிக் கேட்பீர்கள். காப்பகமும் அப்படித்தான். குழந்தையின் வயது என்ன, ஒரு நாளில் எத்தனை மணி நேரம் அங்கே இருக்கிறது, யார் பார்த்துக்கொள்கிறார், காப்பகம் இல்லாவிட்டால் அந்தக் குழந்தை எங்கே இருந்திருக்கும் – இந்த நான்கும் தெரியாமல் நல்லது கெட்டது சொல்லும் ஆய்வை நான் நம்புவதில்லை. நான்கில் கடைசியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அதைப் பாட்டியைப் பற்றிய கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன்.

காப்பகம் என்றால் எது? பால்வாடியும் அதில் சேருமா?

இதைத் தீர்மானிக்காமல் களத்துக்குப் போகவே கூடாது. ஊரில் இன்னும் பால்வாடி என்றே அழைக்கப்படும் அங்கன்வாடி, 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் கீழ் வருவது. சத்துணவு, தடுப்பூசி, முன்பருவக் கல்வி எல்லாம் அதில் உண்டு. ஆனால் வேலைக்குப் போகும் தாய்க்கு முழுநாள் துணையாக இருக்க வேண்டும் என்று அது வடிவமைக்கப்படவில்லை. ஓசூர்த் தொழிற்சாலையின் காப்பகம் வேறு. மாதக் கட்டணம் வாங்கும் பிளே ஸ்கூல் வேறு. தெருவில் ஓர் அக்கா நான்கு குழந்தைகளைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வது வேறு.

நூறு நாள் வேலைத் தளத்தையும் மறந்துவிடாதீர்கள். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஐந்து பேரோ அதற்கு மேலோ வந்தால், வேலைக்கு வந்த பெண்களில் ஒருவரை அவர்களைப் பார்த்துக்கொள்ள அமர்த்த வேண்டும் என்று 2005-இல் வந்த சட்டம் சொன்னது. ஏரிக்கரைப் புளியமரத்து நிழலில் அவர் பார்த்துக்கொள்வதும் ஒருவகைக் காப்பகமே. இத்தனையையும் ஒரே பெட்டியில் போட்டுக் கூட்டிக் கழித்தால் வரும் சராசரி எந்தக் காப்பகத்தையும் குறிக்காது.

என்ன இருந்தாலும் பாட்டியிடம் வளர்வது போல் வருமா?

பென்னாகரம் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பாட்டி புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். தூளியின் கயிறு அவருடைய கால் கட்டைவிரலில் மாட்டியிருந்தது. ஒவ்வொரு கொட்டைக்கும் ஒரு வார்த்தை என்பதுபோல் தூளிக்குள் இருந்த பேரனிடம் பேசிக்கொண்டே இருந்தார்: காக்கா வந்துவிட்டது, ஆடு கத்துகிறது, உன் அம்மா பஸ் ஏறியிருப்பாள். பேரனும் இடையிடையே குரல் கொடுத்தான். அவர் அதற்கும் பதில் சொன்னார். விலை உயர்ந்த பிளே ஸ்கூலிலும் ஒரு குழந்தைக்கு இவ்வளவு பேச்சு கிடைத்து நான் பார்த்ததில்லை.

அதே தெருவின் கடைசி வீட்டில் ஒன்பது வயதுச் சிறுமி தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். செவ்வாய்க்கிழமை காலை, பள்ளி நாள். பெற்றோர் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார்கள். பாட்டி இருந்தார், ஆனால் கண் தெரியாது. எங்கள் படிவத்தில் இரண்டு குழந்தைகளும் "வீட்டில் வளர்பவர்" என்ற ஒரே கட்டத்துக்குள் போனார்கள். அந்தப் படிவத்தை அன்றே மாற்றினோம். முதல் குழந்தைக்குக் காப்பகம் அதிகம் எதையும் சேர்க்காது. ஒருவேளை இருப்பதையும் குறைக்கலாம். இரண்டாம் வீட்டில் அது இரண்டு பிள்ளைகளின் வாழ்க்கையை மாற்றும்: தம்பிக்குச் சாப்பாடும் பாதுகாப்பும், அக்காவுக்குப் பள்ளிக்கூடமும் கிடைக்கும்.

ஆகவே பாட்டி நல்லவரா என்பது ஆய்வுக் கேள்வி அல்ல, நல்லவர்தான். அவருக்கு உடம்பு முடிகிறதா, பகலில் அவருக்கு வேறு என்ன வேலை, அவர் கைக்குள் எத்தனை குழந்தைகள் என்பதே கேள்வி. காப்பகத்தைத் துருவித் துருவி ஆராய்கிற அதே கவனத்தோடு, ஒப்பிடப்படும் வீட்டையும் ஆராயுங்கள்.

எத்தனை மாதத்தில் விடலாம்? எத்தனை மணி நேரம் தாங்கும்?

அமெரிக்காவில் 1991-இல் தொடங்கி, 1,364 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து பதினைந்து வயது வரை பின்தொடர்ந்த பெரிய ஆய்வு ஒன்று உண்டு. நல்ல தரமான கவனிப்பு கிடைத்த குழந்தைகள் மொழியிலும் அறிவுத்திறனிலும் சற்று முன்னே இருந்தார்கள். அதிக மணி நேரம் வெளியாரிடம் இருந்தவர்களிடம் முரண்டு, சண்டை போன்றவை சற்றுக் கூடுதலாகத் தெரிந்தன. இரண்டு வித்தியாசங்களும் சிறியவை. குடும்பத்தின் தாக்கம் இவற்றைவிடப் பெரிதாக இருந்தது. எனவே இத்தனை மாதம், இத்தனை மணி என்று ஒரு கோடு கிழிக்க முடியாது. ஒரு வயதுக்குள், ஒன்று முதல் மூன்று வரை, மூன்றுக்கு மேல் என்று வயதைப் பிரித்துப் பாருங்கள். கைக்குழந்தைக்குத் தேவை ஒரு மடி. நான்கு வயதுக்குத் தேவை விளையாட நான்கு பேர்.

நேரத்தைப் பதிவேட்டிலிருந்து எடுக்க வேண்டாம். காலை ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கும் தாய், விடிவதற்குள் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விடுவார். அங்கிருந்து அப்பா காப்பகத்துக்குக் கொண்டுபோவார். மாலையில் சித்தி கூட்டி வருவார். பதிவேட்டில் எட்டு மணி நேரம்தான் இருக்கும். அம்மாவைப் பிரிந்திருப்பது பன்னிரண்டு மணி நேரம், கைமாறுவது ஐந்து முறை. ஒரு வாரம் நாள்தோறும் கேட்டுக் குறித்தால் மட்டுமே இது வெளியே வரும்.

நல்ல காப்பகம் என்று எதை வைத்துச் சொல்வது? சுவரெல்லாம் படம் வரைந்திருக்கிறார்கள், கேமரா கூட வைத்திருக்கிறார்கள்.

படமும் கேமராவும் எண்ணுவதற்கு எளியவை. அதனால்தான் எல்லோரும் அவற்றை எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியவற்றில் முதலாவது, ஒருவர் கையில் எத்தனை குழந்தைகள் என்பது. மத்திய அரசின் 2018 வழிகாட்டுதல், மூன்று வயதுக்கு உட்பட்ட பத்துக் குழந்தைகளுக்கு ஒரு பணியாளர் என்கிறது. இரண்டாவது, அந்த ஒருவர் எத்தனை மாதமாக அங்கே இருக்கிறார் என்பது. குறைந்த சம்பளத்தில் ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கும் காப்பகத்தில் குழந்தை யாரோடும் ஒட்டாது.

மூன்றாவதற்கு நீங்கள் ஒரு மூலையில் இரண்டு மணி நேரம் சும்மா உட்கார வேண்டும். குழந்தை ஒரு சத்தம் எழுப்புகிறது. யாராவது திரும்பிப் பார்த்து ஏதாவது சொல்கிறார்களா? மூக்கைத் துடைக்கும்போது முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்களா, பாத்திரம் துடைப்பதுபோல் துடைத்துவிட்டுப் போகிறார்களா? அழும் குழந்தையைத் தூக்க எவ்வளவு நேரம் ஆகிறது? எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தமிழ்நாட்டுக்கென்றே ஒரு தர அளவுகோலை உருவாக்கியிருக்கிறது. மாணவிகள் அதிலிருந்து தொடங்குவது நல்லது. அனுமதி முன்கூட்டியே வாங்குங்கள். வரும் நாளை மட்டும் சொல்லாதீர்கள். சொல்லிவிட்டுப் போனால் அன்றைக்குப் புதுப் பாய் விரித்திருக்கும்.

ஆள் பற்றாக்குறை எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. தமிழ்நாட்டு அங்கன்வாடிகளில் தற்செயல் முறையில் தேர்ந்தெடுத்த மையங்களுக்கு அரைநாள் பணியாளர் ஒருவரைக் கூடுதலாகக் கொடுத்தார்கள். கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தபோது கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். வயதுக்கேற்ற உயரமில்லாத குழந்தைகளின் விகிதமும் குறைந்திருந்தது. கட்டடம் மாறவில்லை, பாடம் மாறவில்லை. ஒரு ஆள் கூடுதல், அவ்வளவுதான்.

எடையும் உயரமும் அங்கன்வாடியிலேயே எடுக்கிறார்கள். அதை வைத்து எழுதினால் போதாதா?

போதாது. உடல், கைகால் இயக்கம், மொழி, யோசிக்கும் திறன், பிறரோடு பழகுவது, கோபத்தையும் அழுகையையும் அடக்குவது என்று வளர்ச்சிக்குப் பல முகங்கள் உண்டு. காப்பகம் ஒன்றை உயர்த்தி இன்னொன்றைத் தாழ்த்தலாம். மேலே சொன்ன அமெரிக்க ஆய்வில் நடந்ததே அதுதான்: பேச்சு கூடியது, முரண்டும் கூடியது. ஒன்றை மட்டும் அளந்தவருக்குப் பாதி கதைதான் தெரிந்திருக்கும்.

கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது வயதைப் பாருங்கள். திருவனந்தபுரத்தில் உருவான பதினேழு அம்சப் பட்டியல் இரண்டு வயதுவரை வளர்ச்சியில் பின்தங்கியவர்களை விரைவாகச் சலித்தெடுக்க உதவும். நான்கு வயதுக் குழந்தைக்கு அதைப் போடுவதில் பொருளில்லை. பழக்கவழக்கத்தைப் பற்றி அம்மாவிடம் மட்டும் கேட்காமல் காப்பகப் பணியாளரிடமும் கேளுங்கள். வீட்டில் வாலாக இருப்பது அங்கே வாய் திறக்காது, தலைகீழாகவும் இருக்கும். சேர்ந்த முதல் சில வாரங்களில் அளக்கவே வேண்டாம். அப்போது தெரிவது பிரிவின் அழுகை மட்டுமே.

எங்கள் வீட்டில் தெலுங்குதான். டீச்சர் தமிழில் கேட்டால் பிள்ளை விழிக்கிறது. மந்தமா?

இல்லை, அம்மா. இந்தக் கேள்வியை ஓசூரிலும் தளியிலும் தேன்கனிக்கோட்டையிலும் நான் கேட்காத நாளில்லை. ஒரு மாணவி பசுமாட்டின் படத்தைக் காட்டி "இது என்ன?" என்றாள். மூன்று வயதுப் பெண் குழந்தை பளிச்சென்று "ஆவு" என்றது. மாணவி தப்பு என்று குறித்தாள். அடுத்த குழந்தை "ஹசு" என்றது. அதற்கும் தப்பு. முதலாவது தெலுங்கு, இரண்டாவது கன்னடம். இரண்டு குழந்தைகளுக்கும் பசு என்றால் என்னவென்று நன்றாகத் தெரியும். நாங்கள்தான் தவறாக அளந்தோம். ஓசூரில் இப்போது இந்தி, ஒடியா பேசும் தொழிலாளர்களின் பிள்ளைகளும் காப்பகங்களில் இருக்கிறார்கள். கிருஷ்ணகிரியில் உருது பேசும் வீடுகள் எப்போதுமே உண்டு.

வீட்டு மொழியைப் படிவத்தின் முதல் வரியில் எழுதுங்கள். எந்த மொழியில் சொன்னாலும் சொல் தெரிந்தால் மதிப்பெண் கொடுங்கள். எல்லா மொழிச் சொற்களையும் கூட்டித்தான் ஒரு குழந்தையின் சொல்வளத்தை எண்ண வேண்டும். இல்லையென்றால் தமிழ் பேசும் வீட்டுக் குழந்தைகள் நிறைந்த காப்பகம் சிறந்ததாகவும் மற்றது மட்டமாகவும் தெரியும். பெற்றோருக்கு ஒரு வார்த்தை: வீட்டில் உங்கள் மொழியிலேயே பேசுங்கள். தமிழைப் பிள்ளை காப்பகத்தில் தானே பிடித்துக்கொள்ளும்.

காப்பகத்துப் பிள்ளைகள் நல்ல எடையோடு இருக்கிறார்கள் என்று என் தரவு காட்டுகிறது. அப்படியே எழுதிவிடலாமா?

இருங்கள். தொழிற்சாலைக் காப்பகத்தில் யார் பிள்ளைகள் இருக்கிறார்கள்? மாதச் சம்பளம் வாங்கும் தாய்களின் பிள்ளைகள். 2017-இல் திருத்தப்பட்ட மகப்பேறு பயன் சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் காப்பக வசதி தர வேண்டும் என்றும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்க் குழந்தையைப் பார்க்கலாம் என்றும் சொன்னது. தோட்டத்தில் விடியற்காலையில் பூப்பறிக்கும் பெண்ணுக்கு இது எட்டாது. நீங்கள் அளந்தது காப்பகத்தையா, சம்பளத்தையா?

அங்கன்வாடியில் இது தலைகீழ். எடை குறைந்த குழந்தையைத்தான் பணியாளர் வீடு தேடிப்போய் அழைத்து வருகிறார். அவர் நன்றாக வேலை செய்யச் செய்ய, அவருடைய மையத்துப் பிள்ளைகள் மெலிந்தவர்களாகத் தெரிவார்கள். இதற்குத்தான் சேரும் முன்னே ஒரு முறை அளப்பது, இடமில்லாமல் காத்திருப்போர் பட்டியலில் உள்ள பிள்ளைகளோடு ஒப்பிடுவது, முடிந்தால் குலுக்கலில் இடம் கொடுப்பது என்ற வழிகள். அமெரிக்காவில் 1962-இல் பெரி பாலர் பள்ளியில் 123 குழந்தைகளோடும், 1972-இல் வட கரோலினாவில் அபிசிடேரியன் திட்டத்தில் 111 கைக்குழந்தைகளோடும் செய்த ஆய்வுகள் இன்றும் பேசப்படுவதற்குக் காரணம், யார் சேர்வது என்பதைப் பெற்றோரின் வசதியோ விருப்பமோ தீர்மானிக்கவில்லை என்பதே.

வெளிநாட்டு ஆய்வுகளே ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றன. எதை நம்புவது?

கனடாவின் கியூபெக் மாகாணம் 1997-இல் நாளுக்கு ஐந்து டாலர் கட்டணத்தில் காப்பகங்களைத் திறந்தது. பிள்ளைகளிடம் பதற்றமும் முரட்டுத்தனமும் கூடியதாக 2008-இல் ஓர் ஆய்வு வந்தது. நார்வே 1975-இல் காப்பகங்களைப் பெருக்கியது; அந்தப் பிள்ளைகள் வளர்ந்தபின் கூடுதலாகப் படித்திருந்தார்கள். முரண்போலத் தோன்றும். ஆனால் நார்வேயில் அது பெரும்பாலும் மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. அவர்கள் விட்டுவந்தது பெரும்பாலும் முறைசாராக் கவனிப்பை. கியூபெக்கில் கைக்குழந்தைகளும் சேர்ந்தார்கள். வேகமாகப் பெருகிய காப்பகங்களின் தரமும் ஒன்றுபோல் இல்லை. வயது, தரம், எதற்குப் பதிலாக – முதல் பதிலில் சொன்னவைதான் திரும்ப வருகின்றன. இரண்டையும் நம்பலாம், இரண்டையும் காரிமங்கலத்துக்கு அப்படியே தூக்கிக்கொண்டு வரத்தான் முடியாது.

நம் பக்கத்துக்கென்று தனியாகக் கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

தண்ணீர். தருமபுரி, கிருஷ்ணகிரி இரு மாவட்டங்களிலும் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் மஞ்சள் கறையோடு திரியும் பிள்ளைகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதிக ஃபுளோரைடுக்கும் குழந்தைகளின் அறிவுத்திறன் குறைவுக்கும் தொடர்பு இருப்பதாகப் பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது. உங்கள் காப்பகம் ஒகேனக்கல் தண்ணீர் வரும் ஊரிலும், ஒப்பிடும் பிள்ளைகள் போர்வெல் தண்ணீர் குடிக்கும் ஊரிலும் இருந்தால், தண்ணீர் செய்ததைக் காப்பகத்தின் கணக்கில் எழுதிவிடுவீர்கள்.

அடுத்தது பருவம். மாங்காய் அறுவடையின்போது காவேரிப்பட்டணம், சந்தூர் பக்கத்துத் தாய்மார்களின் வேலை நேரம் முற்றிலும் மாறும். அந்த மாதங்களில் எடுத்த தரவை மார்கழியில் எடுத்ததோடு சேர்த்துப் போடக் கூடாது.

சேர்த்ததிலிருந்து மாதம் இரண்டு முறை சளி. நிறுத்திவிடலாமா?

சளிக்காக மட்டும் நிறுத்த வேண்டாம். கூட்டத்தில் சேரும் குழந்தைக்கு முதல் ஓராண்டு இரண்டாண்டு சளி அதிகம் வரும். பள்ளிக்குப் போகும் வயதில் அவர்களுக்குக் குறைவாக வருவதையும் பார்த்திருக்கிறார்கள். மூச்சிரைப்போ விடாத காய்ச்சலோ இருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆய்வில் இருப்பவர்கள், சேர்ந்து எத்தனை மாதம் என்பதைக் குறிக்காமல் சளியை எண்ணாதீர்கள்.

ஆயாவிடமே ஒட்டிக்கொண்டு என்னை மறந்துவிடுமோ?

மறக்காது. 1,364 குழந்தைகளைப் பின்தொடர்ந்த அதே அமெரிக்க ஆய்வு இதையும் பார்த்தது: காப்பகத்தில் இருப்பது மட்டுமே தாயோடு உள்ள பிணைப்பைக் குலைக்கவில்லை. தாயும் குழந்தையின் குறிப்பறியாமல், காப்பகமும் தரமில்லாமலோ அடிக்கடி மாறியோ இருந்தபோதுதான் சிக்கல் கூடியது. ஆயாவிடம் ஒட்டுகிறது என்றால் அவர் நன்றாகப் பார்த்துக்கொள்கிறார் என்று பொருள், சந்தோஷப்படுங்கள்.

மாணவிகளுக்கு இதே "ஆயா" இன்னொரு எச்சரிக்கை. நம் மாவட்டத்தில் பல வீடுகளில் ஆயா என்றால் பாட்டி. "பகலில் யார் பார்த்துக்கொள்கிறார்?" என்ற கேள்விக்கு "ஆயா" என்று பதில் வந்தால், அது அம்மாவைப் பெற்றவரா, காப்பகத்தில் வேலை செய்பவரா? ஒரு முழு ஆய்வேட்டில் இந்த இரண்டும் கலந்துபோய், கடைசியில் நாற்பது வீடுகளுக்குத் திரும்ப நடந்தோம்.

மூன்று காப்பகங்களில் அறுபது குழந்தைகள் எடுத்திருக்கிறேன். போதுமா?

ஒரே மாவில் வார்த்த இருபது இட்லியைத் தின்று பார்த்தாலும் தெரிவது ஒரு மாவின் ருசிதான். ஒரே பணியாளர், ஒரே சமையல், ஒரே அறை என்று இருக்கும் இருபது குழந்தைகள் ஒருவரையொருவர் ஒத்திருப்பார்கள். உங்களிடம் இருப்பது அறுபது அல்ல, ஏறக்குறைய மூன்று. காப்பகத்துக்கு ஐந்து பேர் வீதம் பன்னிரண்டு காப்பகங்கள் எடுங்கள்; அலைச்சல் கூடும், ஆனால் சொல்வதற்கு ஏதாவது இருக்கும்.

பொங்கலுக்குப் பிறகு போனேன், கால்வாசிப் பிள்ளைகள் இல்லை. மீதியை வைத்து முடித்துவிடலாமா? எத்தனை நாள்தான் பின்தொடர்வது?

போனவர்கள் யார்? பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலை தேடிப் போன குடும்பங்கள். பெரும்பாலும் ஊரில் மிகவும் நலிந்தவர்கள். அவர்களை விட்டுவிட்டால் மீதிக் கணக்கு தானாகவே அழகாகிவிடும். தொடக்கத்திலேயே உறவினர் இருவரின் தொலைபேசி எண்ணை வாங்கி வையுங்கள். கண்டுபிடிக்க முடியாதவர்களின் முதல் அளவீட்டையாவது தனியே காட்டுங்கள்.

காலத்தைப் பற்றி: பெரி பாலர் பள்ளிக் குழந்தைகளின் நுண்ணறிவு மதிப்பெண் உயர்வு சில ஆண்டுகளில் மங்கியது, ஆனால் நாற்பது வயதில் அவர்கள் கூடுதலாகச் சம்பாதித்தார்கள், குறைவாகக் கைதானார்கள். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மாறாக நடந்தது: பாலர் வகுப்பில் முதலில் தெரிந்த முன்னேற்றம் மறைந்து, ஆறாம் வகுப்பில் அந்தப் பிள்ளைகள் பின்தங்கியிருந்தார்கள். ஆறு மாதத்தில் முடியும் ஆய்வேடு இதையெல்லாம் தொட முடியாது. அதனால் தலைப்பிலேயே "ஆறு மாத விளைவு" என்று எழுதுங்கள்.

ஆய்வுக்குப் போன இடத்தில் குழந்தையை அடிப்பதைப் பார்த்தேன். குறிப்பு மட்டும் எடுக்க வேண்டுமா, சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். அடித்தாலும், கட்டிவைத்தாலும், தூங்கவைக்க இருமல் மருந்து ஊற்றினாலும் ஆய்வு அந்த இடத்தில் நின்றுவிட வேண்டும். வழிகாட்டியிடம் அன்றே சொல்லுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழையுங்கள். இப்படி நேர்ந்தால் தகவல் தெரிவிப்போம் என்பதைக் காப்பக நிர்வாகியிடம் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் தாளிலேயே எழுதியிருக்க வேண்டும்.

குழந்தை பின்தங்கியிருப்பது தெரிந்தால், வாசலில் நின்று மற்றவர் காதுபட அம்மாவிடம் மதிப்பெண்ணைச் சொல்லாதீர்கள். மாலையில் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசுங்கள். அரசு மருத்துவமனையில் இயங்கும் ஆரம்ப இடையீட்டு மையம் எங்கே, எந்த பஸ், என்ன கிழமை என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். அந்த நாளில் கூலி போகுமே என்று அவர் தயங்கினால், உடன் போக யார் இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். யாரும் இல்லை என்றால் எங்கள் துறைக்குச் சொல்லுங்கள். நாங்கள் ஒருவர் போவோம்.